தொழிலிடத்து ஆபத்துகளும் விதியின் பெயரால் வரும் அலட்சியமும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவிலிருந்து ஒரே நாளில் இரண்டு ஜனாஸாக்கள் புறப்பட்டன. தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிவிடலாம் என்று பின்னாலேயே இறங்கிய இளைஞரும் உயிரோடு மேலே வரவில்லை. ஆறுதல் சொல்லப் போன நாங்கள் அனைவரும், வழக்கம்போல, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்தோம். அந்த இளைஞரின் தாயார் திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் ஒன்று கேட்டார். "ஹஜ்ரத், அல்லாஹ் நாடினதுதான் நடந்துச்சு, அதுல எனக்குச் சந்தேகமில்லே. ஆனா இறங்குறதுக்கு முன்னாடி உள்ளே காத்து எப்படி இருக்குதுன்னு ஒருத்தராவது பார்த்தாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது ஆண்டுகளாக ஹதீஸும் ஃபிக்ஹும் ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கு அது வெட்கத்துக்குரிய மௌனம். வீட்டுக்கு வந்து கிதாபுகளைப் புரட்டியபோது, அந்தத் தாயார் கேட்ட கேள்வி நம் வரலாற்றில் புதியதன்று என்பது தெரிந்தது. பலமுறை கேட்கப்பட்ட கேள்வி அது. சில காலங்களில் அதற்குச் சரியான பதில் கிடைத்தது. சில காலங்களில் பதில் ஏட்டில் மட்டும் இருந்தது.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டை ஒட்டி, அதாவது கி.பி. 639 அளவில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஹிஜாஸும் ஷாமும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, படைத்தளபதிகள் எதிர்கொண்டு வந்து ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். வரலாற்றில் அம்வாஸ் கொள்ளைநோய் என்று அறியப்படுவது அதுவே. இந்த நிகழ்ச்சியை நம் மேடைகளில் சொல்லும்போது, இறுதியில் உமர் (ரலி) சொன்ன ஒரு வாசகத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அதற்கு முன் நடந்ததுதான் நம் பேச்சுக்கு மிகவும் முக்கியம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் உள்ளது. செய்தி கிடைத்ததும் கலீஃபா அவர்கள் முதலில் மூத்த முஹாஜிர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு காரியத்துக்காகப் புறப்பட்டுவிட்டோம், திரும்பக் கூடாது என்றனர் சிலர். நபித்தோழர்களை இந்த நோய்க்குள் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்றனர் வேறு சிலர். அடுத்து அன்சாரிகள் அழைக்கப்பட்டார்கள். அங்கும் அதே கருத்து வேறுபாடு. மூன்றாவதாக, மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். அதன் பிறகே காலையில் திரும்புவதாக அறிவிப்பு வந்தது.

அபூஉபைதா (ரலி) அவர்கள் அப்போதுதான், அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். வேறு எவரேனும் இதைக் கேட்டிருக்கலாமே என்று உமர் (ரலி) வருந்தினார்கள். பிறகு, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று விளக்கமும் சொன்னார்கள். அந்த ஆலோசனைகளின்போது அங்கில்லாத அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் ஓடி வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையைத் தாம் கேட்டிருப்பதாக அறிவித்தார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். ஆபத்து உள்ளதா என்று விசாரித்து அறிந்தார்கள். யாருக்கு, எவ்வளவு ஆபத்து என்று மூன்று தரப்பாரிடம் எடை போட்டார்கள். அதன்பின் முடிவெடுத்தார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் தவக்குல் குறைந்துவிடவில்லை. விதியைப் பற்றிய கேள்வியை எழுப்பிய அபூஉபைதா (ரலி) அவர்களின் ஈமானைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. அவர்கள் ஷாமில் தம் படையோடு இருந்து அந்த நோயிலேயே மறைந்தார்கள். ஆனால் மக்களுக்குப் பொறுப்பாளியானவர் மக்களின் உயிரைப் பற்றி முடிவெடுக்கும்போது, விதி என்ற சொல்லை விசாரணைக்குப் பதிலாக வைக்க முடியாது என்பதை ஸர்ஃக் நமக்குச் சொல்லிவிட்டது.

அந்த விசாரிக்கும் கடமை பிற்காலத்தில் ஒரு பதவியாகவே அமைந்தது. அங்காடியையும் தொழில்களையும் மேற்பார்வையிட்ட அந்த அதிகாரிக்கு முஹ்தஸிப் என்று பெயர். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள், தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் காதிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாடுகளைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்குகிறார்கள். காதியிடம் வாதி ஒருவர் வழக்கோடு வர வேண்டும். முஹ்தஸிப் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. முறையீடு எதுவும் வராவிட்டாலும் தாமே சென்று ஆராய அவருக்கு உரிமை உண்டு. கப்பல்காரர்கள் தாங்கும் அளவுக்கு மேல் சரக்கேற்றினால் அவர் தடுக்க வேண்டும். கடும் காற்று வீசும்போது கப்பலைச் செலுத்தினாலும் தடுக்க வேண்டும். கப்பல் மூழ்கிய பிறகு விசாரிப்பதற்குக் காதி இருக்கிறார். மூழ்குவதற்கு முன் சுமையைப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதே அந்தப் பதவியின் உயிர். அடிமைகளிடமும் சுமை சுமக்கும் விலங்குகளிடமும் அவற்றின் சக்திக்கு மீறிய வேலை வாங்குவதைக் கண்டிப்பதும் அதே அதிகாரியின் பொறுப்பில்தான் வருகிறது.

ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்து ஷைஸரி என்பவர் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் ரொட்டி சுடும் கடைகளின் கூரை உயரமாக இருக்க வேண்டும், புகை வெளியேற அகலமான வழிகள் இருக்க வேண்டும் என்பது முதலாக, மாவு பிசைபவர் நெற்றியில் வியர்வை சொட்டாதபடி துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வரை உள்ளது. நான் விரும்பிப் படித்த இடம் வேறு. ஒரு மனிதரால் எல்லாத் தொழிலின் நுணுக்கங்களையும் அறிய முடியாது, எனவே ஒவ்வொரு தொழிலிலும் அதன் உள்விவரம் தெரிந்த, நம்பகமான ஒருவரை அரீஃப் என்று நியமித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். பார்வையிடப் போகிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கையேடுகளின் கவலை பெரும்பாலும் வாங்குபவரைப் பற்றியது. கலப்படம், எடைக் குறைவு, மோசடி ஆகியவையே பக்கங்களை நிரப்புகின்றன. வேலை செய்பவரின் உடலைப் பற்றி ஆங்காங்கேதான் பேச்சு வருகிறது. இன்றைய தொழிற்சாலைச் சட்டத்தை அன்றே நாம் கண்டுவிட்டோம் என்று மார்தட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையன்று.

இன்னும் கடினமான இடம் ஒன்று உள்ளது. மத்ரஸாவில் ஓதியவர்கள் அதை அறிவார்கள். விலங்கு தானாக ஏற்படுத்திய காயத்துக்கும், கிணற்றில் விழுந்தவருக்கும், சுரங்கத்தில் இறந்தவருக்கும் ஈட்டுத்தொகை இல்லை என்ற கருத்தில் ஒரு ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. ஒருவர் தமது நிலத்தில் சுரங்கம் தோண்டக் கூலிக்கு ஆள் அமர்த்தி, அது இடிந்து அந்த ஆள் இறந்தால் அமர்த்தியவர் மீது பொறுப்பில்லை என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இதற்கு விளக்கம் எழுதியுள்ளனர். இதை மட்டும் படிக்கும் ஓர் ஆலை முதலாளி நிம்மதியாகத் தூங்கிவிடலாம்.

ஆனால் ஃபுகஹாக்கள் அந்த ஹதீஸை அப்படியே விட்டுவிடவில்லை. கிணற்றை எடுத்துக்கொள்வோம். தன் நிலத்தில் தோண்டினால் பொறுப்பில்லை. மக்கள் நடக்கும் பாதையில் அனுமதியின்றித் தோண்டி, ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் பொறுப்பாளி. இரண்டும் கிணறுதான். இரண்டிலும் விழுந்தவர் தாமாகத்தான் விழுந்தார். வேறுபாடு தஅத்தீ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அதாவது எல்லை மீறல். எல்லை மீறல் நுழைந்த இடத்தில் ஈட்டுத்தொகை இல்லை என்ற சலுகை நீங்கிவிடுகிறது.

ஹதீஸ் பேசுகிற சுரங்கம் எப்படிப்பட்டது? தோண்டச் சொன்னவருக்கும் தோண்டுகிறவருக்கும் அந்தக் குழியைப் பற்றித் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றே. மண் சரியலாம் என்பது இருவர் கண்ணுக்கும் தெரியும். தொட்டிக்குள் விஷவாயு இருப்பது அப்படியன்று. தோலிலிருந்து முடியை நீக்கப் பயன்படும் சல்ஃபைடு, அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிப்படுகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் ஒன்றிரண்டு மூச்சில் விழுகிறார். இந்த விவரம் முதலாளிக்கும் மேலாளருக்கும் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். தினக்கூலிக்கு வந்தவருக்குத் தெரியாது. அறிந்தவர் அறியாதவரை எச்சரிக்காமல் உள்ளே அனுப்புவது தஅத்தீ ஆகாதா? ஆகும் என்றே இந்த எளியவனுக்குப் படுகிறது. இது ஃபத்வா அன்று. முஃப்திகள் ஆராய வேண்டிய மஸ்அலா.

சுரங்கம் என்ற சொல் நம்மை உதுமானிய ஆட்சிக்கு அழைத்துச் செல்கிறது. கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியின் ஸோங்குல்டாக் பகுதியில் உள்ள எரெய்லி நிலக்கரிப் படுகை, கடற்படையின் நீராவிக் கப்பல்களுக்குக் கரி கொடுத்தது. 1865-இல் அது கடற்படை அமைச்சின் கீழ் வந்தது. அங்கு நியமிக்கப்பட்ட திலாவர் பாஷா 1867-இல் நூறு விதிகள் கொண்ட ஒழுங்குமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்து மணி, தங்குமிடம், கூலி, மருத்துவர் என்று பலவற்றை அது பேசியது. அதே ஆவணம்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களின் 13 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆண்களை முறை வைத்துச் சுரங்கத்தில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தியது. கரி தடையின்றி வர வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். உழவர்கள் சில நாள்கள் வயலிலும் சில நாள்கள் பூமிக்கடியிலும் மாறி மாறி வாழ்ந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில், 1869-இல், சுரங்கங்களுக்கான பொது ஒழுங்குமுறை ஒன்று வந்தது. கட்டாய உழைப்பு கூடாது, விபத்தைத் தடுக்கும் முன்னேற்பாடுகள் செய்யப்பட வேண்டும், மருத்துவரும் மருந்தும் இருக்க வேண்டும், விபத்தில் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் சுரங்கம் நடத்துபவர் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்றது அது. அதே 1869-இல்தான் அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையிலான குழு மஜல்லாவின் முதல் பகுதியை வெளியிட்டது. ஹனஃபி ஃபிக்ஹைச் சட்ட விதிகளாக்கி, 1876-இல் 1851 விதிகளோடு நிறைவடைந்த நூல் அது. அதன் முகப்பில் வைக்கப்பட்ட பொது விதிகளில் பல, தீங்கைப் பற்றியவை. தீங்கு அகற்றப்பட வேண்டும், தீங்கை இயன்ற அளவு முன்கூட்டியே தடுக்க வேண்டும், பெரிய தீங்கைச் சிறிய தீங்கால் நீக்கலாம், நன்மையைத் தேடுவதைவிடக் கேட்டைத் தவிர்ப்பது முந்தியது என்பன அவற்றின் கருத்து. இன்று தொழிலகப் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஆபத்தை இனம் காண், எடை போடு, கட்டுப்படுத்து என்று படம் போட்டுக் கற்பிக்கிறார்கள். இஸ்தான்புல் ஆலிம்கள் அதை வேறு சொற்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

எழுதி வைத்திருந்தார்கள் என்பதோடு பெருமை முடிகிறது. 1869-இன் விதிகள் எரெய்லியில் பெருமளவும் ஏட்டளவிலேயே இருந்தன. கட்டாய உழைப்பும் உடனே நின்றுவிடவில்லை. 1921-இல் அங்காராவின் தேசியப் பேரவை அந்தப் படுகைத் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் இயற்றி, எட்டு மணி நேர வேலையை நிர்ணயித்து, 18 வயதுக்குட்பட்டோர் சுரங்கத்தில் இறங்குவதைத் தடுத்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1947 வரை, கட்டாய உழைப்பு மீண்டும் அங்கு வந்தது. 1992 மார்ச் மாதம் ஸோங்குல்டாக்கின் கோஸ்லு சுரங்கத்தில் வாயு வெடித்து 263 பேர் இறந்தார்கள்.

பிறகு ஸோமா. இது மேற்குத் துருக்கியின் மனிஸா மாகாணத்தில் உள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். 2014 மே 13 அன்று உள்ளே தீப்பற்றியது. இறந்தவர்கள் 301 பேர். பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதை அறியக் கருவி வேண்டும். கருவிகள் இருந்தன. முந்தைய நாள்களிலேயே அளவுகள் உயர்ந்து காட்டியதையும், அதைக் கண்டும் வேலை நிறுத்தப்படவில்லை என்பதையும் பிற்பாடு வல்லுநர் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு பணியிடத்திலும் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கிய சட்டம் 2012-லேயே துருக்கியில் நிறைவேறியிருந்தது. அந்தச் சுரங்கம் அவ்வாண்டு மார்ச் மாதம்கூடச் சோதிக்கப்பட்டு, குறையில்லை என்று சொல்லப்பட்டிருந்தது. விபத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஸோமா சுரங்கங்களின் விபத்துகளை ஆராய வேண்டும் என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஷைஸரி சொன்ன அரீஃப், தொழிலின் உள்விவரம் தெரிந்து நேர்மையாகப் பார்ப்பவர், அங்கு இல்லாமல் போனார்.

மறுநாள் அங்கு வந்த பிரதமர் எர்துகான், இப்படிப்பட்ட விபத்துகள் இந்தத் தொழிலின் ஃபித்ரத்திலேயே, அதாவது இயல்பிலேயே உள்ளவை என்று கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் நடந்த சுரங்க விபத்துகளையும் எடுத்துக்காட்டினார். துருக்கி மக்களில் ஏராளமானோர் அந்தச் சொல்லைக் கேட்டுக் கொதித்தார்கள். அவர்களில் தொழுகையாளிகளும் இருந்தார்கள். அந்தச் சொல்லை நான் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மஹல்லாவின் ஆறுதல் சபைதான் நினைவுக்கு வந்தது. நாங்களும் வேறு சொல்லில் அதையே சொல்லிவிட்டு எழுந்தவர்கள் அல்லவா?

2015-இல் துருக்கி, சுரங்கப் பாதுகாப்புக்கான 176-ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றது. 2018 ஜூலையில் நீதிமன்றம் நிறுவன அதிகாரிகள் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை போதாது என்று இறந்தவர்களின் குடும்பத்தார் நீதிமன்ற வாசலிலேயே குரல் எழுப்பினார்கள்.

நம் நாட்டிலும் ஏட்டில் குறைவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36-ஆம் பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி போன்றவற்றைப் பற்றியே பேசியது. உள்ளே சோதித்து, பாதுகாப்பானது என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது அது. இல்லையேல், இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்பில் வார் கட்டி, அதன் கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. இடுப்பில் கயிறு இருந்திருந்தால் இரண்டாமவர் இறங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்தத் தாயாருக்குச் சட்டப் பிரிவின் எண் தெரியாது. அவர் கேட்டது அதில் இருந்ததைத்தான்.

இரண்டு குடும்பங்களுக்கும் ஆலைத் தரப்பிலிருந்து வந்த தொகையைப் பேசி முடிக்க ஜமாஅத்தில் கூடினார்கள். நானும் அங்கே இருந்தேன். தொகையைப் பற்றி அஸர் முதல் இஷா வரை பேசினோம். அன்று தொட்டியைத் திறப்பதற்கு முன் காற்றைச் சோதித்தார்களா, சோதித்த சான்று இருக்கிறதா என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.